சண்டை விமானம் ஓட்டின தாத்தாகிட்ட என்னென்ன கேக்கலாம்

என் அக்கா பையன் இங்க சிங்கப்பூர்ல செக் 3, அதாவது உயர்நிலை மூணு, படிக்கிறான், பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு வயசானவங்க ஒருத்தர பேட்டி எடுக்கணுமாம். அவங்க ப்ளாக்லயே ஒரு தாத்தா இருக்காரு, பெங்களூர்லேர்ந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்காரு, 1971 இந்தியா பாகிஸ்தான் போர் சமயத்துல இந்திய விமானப் படைல ஃபைட்டர் ஓட்டினவரு. லிஃப்ட்ல பாத்து பேசி, சனிக்கிழமை வரச் சொல்லிட்டாரு. பையன் பத்து கேள்வி எழுதிட்டு வந்து "மாமா, இது ஓக்கேவா பாருங்க"ன்னு நீட்டினான். முதல் கேள்வி எத்தன விமானத்த சுட்டீங்க. ரெண்டாவது பயமா இருந்துச்சா. மூணாவது, எதிரிய கொன்னப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சு.

நான் அவன திட்டல, ஏன்னா யாரா இருந்தாலும் முதல்ல வாய்ல வர்றது இந்த மூணும்தான். ஆனா இத கேட்டா பேட்டி கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். முதல் கேள்விக்கு ஒரு நம்பர், ரெண்டாவதுக்கு ஒரு தலையாட்டல், மூணாவதுக்கு அமைதி, அவ்ளோதான். அம்பது வருஷமா எல்லாரும் இதையே கேட்டு அவருக்கு ரெடிமேடா ஒரு பதில் இருக்கும், அத எடுத்து குடுத்துட்டு டீ குடிக்கச் சொல்லிருவாரு. வான சண்டைன்னா என்ன, அது எப்படி நடக்குதுன்னு நமக்கு கொஞ்சம் தெரிஞ்சாதான் அவர் மனசுல பத்திரமா கெடக்கறத வெளிய எடுக்குற மாதிரி கேக்க முடியும். அன்னைக்கு சாயங்காலம் அவனோட உக்காந்து பேசினத கொஞ்சம் விரிவா எழுதுறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

முதல்ல அந்த நம்பர் விஷயம். 1940 செப்டம்பர் 15, இங்கிலாந்து மேல பெரிய சண்டை நடந்த நாள், அன்னைக்கு 185 ஜெர்மன் விமானத்த வீழ்த்தினதா அறிவிச்சாங்க, போர் முடிஞ்சு ஜெர்மன் பதிவுகள எடுத்துப் பாத்தா உண்மைல விழுந்தது சுமார் 60. மூணு மடங்கு வித்தியாசம். விமானிங்க பொய் சொன்னாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒரே விமானத்த மூணு பேர் வேற வேற பக்கத்துலேர்ந்து சுடுவாங்க, மூணு பேருக்கும் அது தான் சுட்டதுன்னுதான் தெரியும். எதிரி முழு வேகத்துல கீழ பாய்ஞ்சா இன்ஜின்லேர்ந்து கருப்பா புகை வரும், அது அடிபட்ட புகைன்னு நெனச்சுருவாங்க, அவன் மேகத்துக்குள்ள போய் சமாளிச்சு வீட்டுக்குப் போயிருப்பான். எல்லாத்துக்கும் மேல, சுட்ட விமானம் தரையில போய் விழுதான்னு பாத்துட்டு இருக்க முடியாது, பாத்துட்டே இருந்தா பின்னாடி வர்றவன் உங்கள சுட்டுருவான். ஒரு விமானி சொல்ற கதைல ரொம்ப ஆட்டம் காணுற பகுதி இந்த நம்பர்தான், நாம போய் அதையே முதல்ல புடிச்சுக்கிறோம்.

இன்னொன்னும் இருக்கு. போருக்குப் போன ஃபைட்டர் விமானிங்கள்ல ரொம்ப பேர் ஒரு விமானத்தக்கூட வீழ்த்தினது கிடையாது. குண்டு போடப் போறவங்களுக்கு காவலா பறந்திருப்பாங்க, எல்லையில ரோந்து போயிருப்பாங்க, தரையில இருக்குற டாங்கிய சுட்டிருப்பாங்க. எத்தனன்னு கேட்டா "ஒன்னும் இல்லப்பா"ன்னு சொல்லிட்டு மனுஷன் அப்படியே சுருங்கிருவாரு, அவர் பாத்த ஆயிரம் விஷயம் அதோட போச்சு. அதுக்கு பதிலா எறங்கினதும் யார்கிட்ட போய் சொல்லுவீங்க, அவங்க என்ன கேப்பாங்க, அவங்க எழுதி வெச்சதுல உங்களுக்கு ஒப்புதல் இல்லாத விஷயம் எதாச்சும் உண்டான்னு கேட்டுப் பாருங்க. சுட்டவரா இருந்தா கதை தானா வரும், சுடாதவரா இருந்தாலும் சொல்றதுக்கு நெறைய இருக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடத்துக்கு வர்றேன், அது கண்ணு. வான சண்டைய நாம படத்துல பாத்துப் பாத்து, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுகிட்டு சுத்திச் சுத்தி சண்ட போடுற மாதிரி நெனச்சு வெச்சிருக்கோம். நெஜத்துல அடிபட்டவங்கள்ல நெறைய பேர் தங்கள சுட்டவன பாத்ததே இல்ல. எரிக் ஹார்ட்மன்னு ஜெர்மன் விமானி, 352 விமானம் அவர் கணக்குல இருக்கு, வேற யாருக்கும் அவ்ளோ இல்ல, அவர் கடைப்பிடிச்ச முறையே பாரு, முடிவு பண்ணு, அடி, விலகு, இதுல முதல் வார்த்தையே பாருங்கறதுதான்.

கணக்கு போட்டுப் பாப்போம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமானம் ரெண்டு, ஆளுக்கு மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல நேருக்கு நேர் வருதுன்னு வெச்சுக்குங்க, இடைவெளி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 280 மீட்டர் குறையும். அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது எதிரி விமானம் கண்ணாடில ஒட்டின தூசி மாதிரிதான் தெரியும், அந்தத் தூசி உங்க மூஞ்சிகிட்ட வர்றதுக்கு 18 செகண்டு. 71ல ஜெட் விமானம் ஆளுக்கு 800 வேகத்துல வந்தா 11 செகண்டு. அதுக்குள்ள பாக்கணும், அது நம்ம ஆளா எதிரியான்னு தெரிஞ்சுக்கணும், முடிவெடுக்கணும், கூட வர்றவனுக்கு ரேடியோல சொல்லணும்.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா மேகமே இல்லாத வானத்த பாத்துட்டே இருந்தா கண்ணுக்கு புடிமானம் கெடையாது, தூரத்துல நிலைக்காம அது தானாவே ஒன்னு ரெண்டு மீட்டர் தூரத்துல நிலைச்சுரும். பாத்துட்டே இருக்கோம்னு நெனச்சுட்டு இருப்போம், ஒன்னும் பாக்க மாட்டோம். அதனால அப்பப்ப ஒரு மேகத்த இல்லன்னா றெக்கையோட நுனிய பாத்து கண்ண சரி பண்ணிக்கணும். அப்புறம் சூரியன். 1916லயே ஓஸ்வால்ட் பெல்கன்னு ஜெர்மன் விமானி எழுதி வெச்ச விதிகள்ல முதல் விதி சூரியன முதுகுக்குப் பின்னால வெச்சுக்கோங்கறதுதான், சூரியனுக்குள்ள இருந்து வர்றவன கீழ இருக்கறவனால பாக்கவே முடியாது. அதனாலதான் கட்டைவிரல நீட்டி சூரியன மறைச்சு சுத்தி பாக்குற பழக்கம் அந்தக் காலத்துலேர்ந்து வந்துச்சு. பழைய ஃபோட்டோல விமானிங்க கழுத்துல பட்டுத் துணி கட்டியிருப்பாங்களே, அது ஸ்டைலுக்குன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன், ஒரு மணி நேரம் தலைய திருப்பிட்டே இருந்தா சட்டைக் காலர் கழுத்த ராவி புண்ணாக்கிரும், அதுக்காக கட்டினது.

பையன்கிட்ட இதெல்லாம் சொன்னதும் அவனே ரெண்டு கேள்வி எழுதினான். "முதல்ல யார் பாத்தது, நீங்களா கூட வந்தவரா?" அப்புறம் "பாத்தப்ப அது எப்படி தெரிஞ்சுது, புள்ளியாவா மினுங்கலாவா புகையாவா?" நான் இன்னொன்னு சேத்தேன், சண்டை நடுவுல திடீர்னு வானமே காலியாகி நீங்க மட்டும் தனியா நின்ன மாதிரி எப்பவாச்சும் ஆச்சான்னு. இத பல நாட்டு விமானிங்க, பல போர்ல பறந்தவங்க ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க, முப்பது நாப்பது விமானம் சுத்திட்டு இருந்த எடம், ஒரு திருப்பு திருப்பி நிமிர்ந்தா ஒருத்தரும் இல்ல. அவ்ளோ வேகத்துல அர நிமிஷத்துல எல்லாரும் கிலோமீட்டர் கணக்குல சிதறிருவாங்க. அந்த ஒரு நிமிஷ தனிமைய பத்தி கேட்டா அவங்க பேசுற குரலே மாறும்.

சிங்கப்பூர்ல ஒக்காந்துட்டு இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு தோணலாம். நம்ம தலைக்கு மேலயே நடந்திருக்கு. ஓல்ட் ஏர்போர்ட் ரோடு ஹாக்கர் சென்டர்ல எத்தன தடவ சாப்பிட்டிருப்போம், அந்தப் பேர்ல இருக்குற ஏர்போர்ட் 1937ல தொறந்த காலாங் ஏர்போர்ட், 1941 கடைசியில அங்கதான் 243, 488னு ரெண்டு ஃபைட்டர் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, இருந்துச்சு, 488 நியூசிலாந்துக்காரங்களோடது. அவங்ககிட்ட இருந்தது பஃபலோன்னு குண்டா கட்டையா ஒரு அமெரிக்க விமானம்.

1941 டிசம்பர் 8 விடிகாலை, ஜப்பான் விமானம் 17 வந்து குண்டு போட்டுச்சு, 61 பேர் செத்துப் போனாங்க. ஊர் விளக்கெல்லாம் எரிஞ்சுட்டே இருந்துச்சு. செம்பவாங்ல இருந்த 453 ஸ்குவாட்ரன் விமானிங்க நாங்க மேல போறோம்னு கேட்டாங்க, நம்ம பீரங்கியே இருட்டுல நம்ம விமானத்த சுட்டுரும்னு சொல்லி அனுமதி குடுக்கல. கீழ நின்னு பாத்துட்டு இருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, பறக்கத் தெரிஞ்சவன், விமானம் பக்கத்துலயே நிக்குது, மேல குண்டு விழுது, போகக்கூடாதுன்னு உத்தரவு. இப்படி ஒரு நாள் கிட்டத்தட்ட எல்லா விமானிக்கும் இருக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத நாள், மேகம் மூடின நாள், பேர் பட்டியல்ல வராத நாள். நீங்க போகாத நாள பத்தி சொல்லுங்கன்னு கேளுங்க. போன நாள விட அது சில பேருக்கு ஆழமா பதிஞ்சிருக்கும், ஆனா யாரும் கேக்கறது இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு டிசம்பர் 10, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல மலாயாவுல குவாந்தான் பக்கத்துல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்சாங்க, 840 பேர் போயிட்டாங்க. பஃபலோங்க அங்க போய் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்த பஃபலோங்கள கூட்டிட்டுப் போன டிம் விகர்ஸ் மேலேர்ந்து பாத்துட்டு, கடல்ல கெடந்தவங்க கை ஆட்டி உற்சாகமா கத்தினாங்க, எவ்ளோ தைரியம்னு ரிப்போர்ட் எழுதினாரு. தண்ணில கெடந்து பொழச்சவங்க பிற்பாடு என்ன சொன்னாங்கன்னா, நாங்க கை ஆட்டல, இவ்ளோ நேரம் எங்கடா இருந்தீங்கன்னு முஷ்டிய காட்டினோம்னு. ரெண்டு பேரும் நெஜத்தத்தான் சொல்றாங்க. மேலேர்ந்து பாத்தா தூக்கின கை மட்டும்தான் தெரியும், அது எதுக்கு தூக்கினதுன்னு தெரியாது. எனக்கு இந்தச் சம்பவத்த படிச்சதுலேர்ந்து விமானிங்ககிட்ட கீழ என்ன தெரிஞ்சுதுன்னு கேக்கணும்னு ஒரு எண்ணம், ஏன்னா கீழ இருந்தவங்கதான் நம்ம பாட்டி தாத்தா. சிராங்கூன் ரோட்டுலயும் தஞ்சோங் பகார் துறைமுகத்துலயும் சைரன் சத்தம் கேட்டு ஓடினவங்க. எங்க பாட்டி விமான சத்தத்த மட்டும் வெச்சே அது எந்தப் பக்கத்துக்காரன் விமானம்னு சொல்லுவாங்களாம், மேல உள்ள ஒக்காந்திருக்கிறவன் மூஞ்ச அவங்க நெனச்சுப் பாத்திருப்பாங்களான்னு எனக்குத் தோணும்.

ஜனவரி 1942ல ஹரிக்கேன்னு பிரிட்டிஷ் ஃபைட்டர் விமானம் 51 பெட்டி பெட்டியா கப்பல்ல வந்து எறங்கி, இங்கயே அவசர அவசரமா பூட்டினாங்க. 20ஆம் தேதி முதல் சண்டைல ஜப்பான் குண்டுவீச்சு விமானங்கள அடிச்சாங்க, ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா சீக்கிரமே ஜப்பான் ஃபைட்டருங்க ஹரிக்கேன்கள வீழ்த்த ஆரம்பிச்சுட்டாங்க. பிப்ரவரி 15 சரணடைஞ்சாச்சு.

அந்தக் காலத்துல இங்க பறந்தவங்க பேட்டி எதைப் படிச்சாலும் "ஜீரோ வந்துச்சு, ஜீரோகிட்ட சண்ட போட்டோம்"னு இருக்கும். ஜீரோ ஜப்பான் கடற்படையோட விமானம். மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் அவங்க மோதின ஃபைட்டருங்கள்ல நெறைய ராணுவத்தோட ஹயபூசா, அது வேற விமானம், மேலேர்ந்து பாக்க ஜீரோ மாதிரியே இருக்கும். கடற்படை ஜீரோவும் வந்துச்சுதான், ஆனா எல்லாத்தையும் ஜீரோன்னே சொல்லிட்டாங்க. இத படிச்சுட்டுப் போய் ஒருத்தர் "தாத்தா, அது ஜீரோ இல்ல"ன்னு நடுவுல திருத்தினா என்ன ஆகும், அதுக்கப்புறம் அவர் யோசிச்சு யோசிச்சு தப்பில்லாம பேசப் பாப்பாரு, உயிர் போயிரும் பேச்சுல. ரெண்டு செகண்டு தெரிஞ்ச ஒரு உருவத்துக்கு அவங்களுக்கு கெடச்ச பேர் ஜீரோ, அந்தப் பேரே ஒரு தகவல்தான், அவங்க எதுக்கு பயந்தாங்கன்னு அது சொல்லுது. தேதிய, விமானப் பேர, ஊர் பேர பிற்பாடு நாம சரி பாத்துக்கலாம். காலாங்ல 243 ஸ்குவாட்ரன்ல பஃபலோ ஓட்டின ஜெஃப்ரி ஃபிஸ்கன், அந்த மட்டமான விமானத்த வெச்சுகிட்டே ஆறு விமானம் வீழ்த்தினதா கணக்கு, 2011 வரைக்கும் நியூசிலாந்துல உயிரோட இருந்தாரு. நம்மூர் வானத்த மேலேர்ந்து பாத்த மனுஷன். இப்ப அவர கேக்க முடியாது.

விமானத்த பத்தி கேக்கறதுக்கும் ஒரு வழி இருக்கு. வேகம் எவ்ளோ, எவ்ளோ உயரம் போகும், இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கு. உங்க விமானத்துக்கு எது புடிக்காதுன்னு கேளுங்க, ரொம்ப நாள் கூட வாழ்ந்த ஆள பத்தி பேசுற மாதிரி பேசுவாங்க. ஒவ்வொரு விமானமும் ஒன்னக் குடுத்து ஒன்ன வாங்கினதுதான். ஜீரோ ரொம்ப லேசு, அதனால சின்ன வட்டத்துல சட்டுனு திரும்பும், ஆனா அந்த லேசுக்காக விமானிக்குப் பின்னால இரும்புத் தகடு வெக்கல, ஓட்டை விழுந்தா தானா அடைக்கிற பெட்ரோல் டேங்க் வெக்கல, அதனால அடிபட்டா உடனே தீப்புடிக்கும், வேகமா கீழ பாய்ஞ்சா கைப்பிடி இறுகிரும். இத புரிஞ்சுகிட்டவங்க அதோட சுத்துறத விட்டுட்டு மேலேர்ந்து பாய்ஞ்சு சுட்டுட்டு ஓடினாங்க, சுத்தினவங்க செத்தாங்க. பிரிட்டிஷ்காரங்களோட பழைய ஸ்பிட்ஃபயர்ல ஒரு பிரச்சன, மூக்க சட்டுனு கீழ குத்தினா இன்ஜினுக்கு பெட்ரோல் போகாம ஒரு நொடி அடைச்சுக்கும், ஜெர்மன்காரனுக்கு அந்தப் பிரச்சன இல்ல, அவன் அப்படியே கீழ பாய்ஞ்சு தப்பிச்சிருவான். அத பியாட்ரிஸ் ஷில்லிங்னு ஒரு பெண் இன்ஜினியர் ஓட்டை போட்ட ஒரு சின்ன தகட்ட வெச்சு 1941ல சமாளிச்சாங்க.

நம்ம தாத்தா 71ல ஓட்டினது நாட். கொசு மாதிரி சின்னது, அது பேரே ஒரு கொசு வகையோட பேருதான், றெக்கை நுனிக்கு நுனி ஏழு மீட்டர்கூட கெடையாது. எதிர்ல இருந்த பாகிஸ்தான் சேபர் 11 மீட்டருக்கு மேல. சின்னதா இருக்கறது எவ்ளோ பெரிய பலம்னு மேல சொன்ன கண்ணு விஷயத்த வெச்சு யோசிச்சாலே புரியும், நீங்க அவன பாத்துருவீங்க, அவன் உங்கள பாக்க மாட்டான். ஆனா நாட்ல துப்பாக்கி சுட்டுட்டு இருக்கும்போதே சிக்கி நின்னுரும்னு எல்லாருக்கும் தெரிஞ்ச குறை. துப்பாக்கின்னதும் இன்னொரு விஷயம், பத்து நிமிஷம் சுட்டுட்டே இருக்கலாம்னு நாம நெனப்போம். ஸ்பிட்ஃபயர்ல எட்டு துப்பாக்கி, ஒன்னொன்னுக்கும் 300 குண்டு, மொத்தமே 15 செகண்டு. ஜீரோவோட பெரிய பீரங்கிக்கு 60 குண்டு, ஏழெட்டு செகண்டு. ரெண்டு செகண்டு ரெண்டு செகண்டா செலவு பண்ணணும். குண்டு தீந்துருச்சுன்னு எப்படி தெரியும், தீந்தப்புறம் என்ன பண்ணுவீங்க? இது நல்ல கேள்வி, ஏன்னா எதிரிக்கு உங்க குண்டு தீந்தது தெரியாது, அத வெச்சு மிரட்டிட்டு தப்பிச்சவங்க கதை நெறைய உண்டு.

உடம்ப பத்தி கேக்க நம்மாளுங்களுக்கு கூச்சம், ஆனா விமானிங்களுக்கு அதுல கூச்சமே கெடையாது, அவங்க வேலையே உடம்ப வெச்சுதான். வேகத்துல சட்டுனு திரும்பினா உடம்பு கனக்கும், அஞ்சு ஜீன்னா, அதாவது நம்ம எடை அஞ்சு மடங்கு ஆன மாதிரி, 70 கிலோ ஆளு 350 கிலோ கனம் ஆயிருவாரு, ரத்தம் காலுக்கு எறங்கும், முதல்ல கலர் போகும், அப்புறம் ஓரத்துலேர்ந்து இருட்டு உள்ள வரும், ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி இருக்கும், அப்புறம் மொத்தமா போயிரும், காது மட்டும் கேட்டுட்டு இருக்கும். வயித்தையும் தொடையையும் இறுக்கி முக்கிட்டே திருப்பணும். காலாங்ல சட்டை நனைய ஒக்காந்திருந்தவன் 20,000 அடி போனா நம்ம ஊர் வானத்துலயும் தண்ணி உறையிற குளிரு, வேர்வையோட மேல போய் நடுங்கிட்டு கீழ வருவான். அதனால எறங்கி வந்தப்ப உடம்பு எப்படி இருந்துச்சு, முதல்ல என்ன குடிச்சீங்கன்னு கேக்கலாம். இத கேட்டா பயத்த பத்தி கேக்கவே வேணாம், அது கூடவே வந்துரும்.

பயம்னு நேரா கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவங்கள அப்படித்தான் வளத்திருக்காங்க, பிரிட்டிஷ் விமானப் படைல 1940ல தாங்க முடியாம போனவங்களோட ஃபைல்ல மன உறுதி இல்லாதவன்னு எழுதி ஒதுக்கினாங்க, அந்த அவமானத்துக்கு சாவ விட அதிகமா பயந்தாங்க. ஆனா சத்தத்த பத்தி கேட்டுப் பாருங்க. பிரிட்டன் மேல நடந்த சண்டைல பறந்தவங்க பல பேர் சொன்னது, மேல இருக்கும்போது ஒன்னும் தெரியாது, கீழ நாற்காலில சாய்ஞ்சுட்டு கூப்பிடுறதுக்கு காத்துட்டு இருக்கும்போது டெலிஃபோன் அடிக்குமே, அதுதான் வயித்த புரட்டுமாம். டீ வந்துருச்சுன்னு சொல்றதுக்கு அடிச்சாலும் அதே புரட்டல். போர் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆனப்புறமும் வீட்டு ஃபோன் அடிச்சா தூக்கிவாரிப் போட்டுச்சுன்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கும் எந்த சத்தம் கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி ஆகும்னு பையன் கேக்கப் போறான்.

கொன்னத பத்திய கேள்விய என்ன பண்றதுன்னு ரொம்ப நேரம் பேசினோம். கேக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா 15 வயசுப் பையன் முதல் சந்திப்புல கேக்க வேண்டியது இல்ல. அதுக்கு பக்கத்துல ஒரு கதவு இருக்கு, எதிர்ல இருந்த விமானிய பத்தி. 1971 நவம்பர் 22, கல்கத்தா டம்டம்லேர்ந்து கெளம்பின நாலு நாட், கிழக்கு பாகிஸ்தான் எல்லையில பொய்ரா பக்கத்துல பாகிஸ்தான் சேபர்களோட மோதுச்சு, சில நிமிஷத்துல முடிஞ்சு போன சண்டை. ரெண்டு பாகிஸ்தான் விமானிங்க பாராசூட்ல குதிச்சு இந்தியா பக்கம் பிடிபட்டாங்க. அதுல ஒருத்தர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. அவர் 1997ல பாகிஸ்தான் விமானப் படைக்கே தலைவர் ஆனாரு. அன்னைக்கு நாட் ஓட்டின நாலு பேர்ல ஒருத்தரான டொனால்ட் லாசரஸ், வீர் சக்ரான்னு போர்ல வீரத்துக்கு குடுக்கற விருது வாங்கினவரு, குரேஷி தலைவர் ஆனத கேள்விப்பட்டு வாழ்த்து சொல்லி கடிதம் எழுதினாரு. குரேஷி பதில் எழுதினாரு. 26 வருஷம் முன்னாடி ஒருத்தர ஒருத்தர் சுட வந்தவங்க.

அவன் உயிரோட இருக்கானான்னு தெரிஞ்சுகிட்டீங்களா, அவன்கிட்ட எதாச்சும் கேக்கணும்னு தோணுச்சா, இப்படி கேட்டா கொன்னத பத்தி பேச விரும்புறவர் தானாவே பேசுவாரு, விரும்பாதவர் பாராசூட் பாத்தேன்பான்னு சொல்லிட்டு நிப்பாட்டிப்பாரு, அதுவும் முழுசான பதில்தான்.

திரும்பி வராதவங்கள பத்தியும் கேக்கணும், ஆனா பேர் சொல்லச் சொல்லி கேக்காம, அன்னைக்கு ராத்திரி மெஸ்ல எப்படி இருந்துச்சு, அவங்க பெட்டிய யார் கட்டினாங்கன்னு கேக்கலாம். செத்தவனோட சாமான எடுத்து வெச்சு வீட்டுக்கு அனுப்புறது கூட இருந்த நண்பனோட வேலை, கடிதத்த எல்லாம் பிரிச்சு வெக்கணும். கிராஞ்சி நினைவிடத்துக்கு பையன கூட்டிட்டுப் போயிருக்கேன், அங்க சுவர்ல 24,000 பேருக்கு மேல பேர் செதுக்கியிருக்கு, கல்லறை எங்கன்னு தெரியாதவங்க. அந்தக் கட்டடத்தோட கூரை விமான றெக்கை மாதிரி கட்டினது. கடல்ல விழுந்த விமானிங்க எல்லாம் அந்தச் சுவர்லதான் இருக்காங்க.

மறந்துறக் கூடாத இன்னொருத்தர், விமானத்த பாத்துகிட்ட மெக்கானிக். பெல்ட் மாட்டி விட்டது அவர், கடைசியா மூஞ்சிய பாத்தது அவர், திரும்பி வர்றதுக்கு ஓடுபாதை ஓரத்துல நின்னு எண்ணிட்டு இருந்தது அவர். உங்க மெக்கானிக் பேர் என்னன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு எந்த விமானியும் யோசிக்காம சொல்லுவாரு.

எப்படி பேட்டி எடுக்கணும்னு கொஞ்சம் சொல்லிடுறேன். நம்ம நாட்டுல 1979ல வாய்மொழி வரலாற்று நிலையத்த ஆரம்பிச்சாங்க, 1981லேர்ந்து ஜப்பான் ஆட்சிக் காலத்த அனுபவிச்சவங்கள ஒக்கார வெச்சு மணிக்கணக்கா பதிவு பண்ணினாங்க, தமிழ்ல பேசினவங்களும் அதுல இருக்காங்க. அதுல எனக்குப் புடிச்சது பொறுமை, சின்ன வயசுலேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா வருவாங்க, போருக்கு வர்றதுக்கே ரொம்ப நேரம் ஆகும். தாத்தாகிட்டயும் முதல் தடவ விமானத்த எப்ப பாத்தீங்கன்னு ஆரம்பிச்சா நல்லது. ஜெட் ஓட்டினவங்கள்ல நெறைய பேருக்கு காது மந்தமா இருக்கும், அதுவும் கீச்சுக் குரல் சரியா கேக்காது, எதிர்ல ஒக்காந்து மெதுவா, கொஞ்சம் தாழ்ந்த குரல்ல பேசணும், ஃபேன் சத்தம், டிவி சத்தம் இருக்கக்கூடாது. லாக்புக் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லி முன்னாடியே கேட்டுக்கணும், பறந்த ஒவ்வொரு தடவையும் தேதி, விமானம், நேரம்னு ஒரு வரில எழுதி வெச்சிருப்பாங்க, அந்த ஒரு வரிய விரல் வெச்சு காட்டி "இந்த அம்பது நிமிஷத்துல என்ன நடந்துச்சு தாத்தா"ன்னு கேட்டா வேற கேள்வியே வேணாம். பதில் வந்து நின்னதும் அடுத்த கேள்விக்கு தாவக்கூடாது, மனசுக்குள்ள பத்து எண்ணணும், நல்லது எல்லாம் அந்தப் பத்துக்குள்ளதான் வரும்.

வீடியோ கட்டாயம் வேணும். சும்மா வாய்ஸ் ரெக்கார்டிங் போட்டா "அவன் இப்படி வந்தான், நான் இப்படி திருப்பினேன், அவன் இங்க"ன்னு மட்டும்தான் கேக்கும், எப்படின்னு யாருக்கும் தெரியாது. உலகத்துல எந்த நாட்டு ஃபைட்டர் விமானியா இருந்தாலும் ரெண்டு கைய விமானம் ஆக்காம சண்டைய சொல்ல மாட்டாரு, கை அவங்களுக்கு நாக்கு மாதிரி. மூஞ்சிய மட்டும் ஃப்ரேம்ல வெக்காம கை ஆடுற எடம் முழுக்க தெரியுற மாதிரி ஃபோன தள்ளி வெக்கணும்.

நேரமும் அதிகம் இல்ல. பிரிட்டன் சண்டைல பறந்தவங்கள்ல கடைசியா இருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்ல 105 வயசுல போயிட்டாரு. 71ல இருபத்தஞ்சு வயசா இருந்தவங்க இப்ப எம்பத தொடுறாங்க. நம்மூர்ல மகன் வீடு மகள் வீடுன்னு வந்து தங்கி, சாயங்காலம் ப்ளாக் கீழ நடந்துட்டு இருக்குற தாத்தாங்கள்ல இந்த மாதிரி எத்தன பேர் இருக்காங்கன்னு யாரும் எண்ணினது இல்ல.

பையன் அவனோட பத்து கேள்விய அடிச்சுட்டு புதுசா எழுதிட்டான். முதல் கேள்வி அவனே யோசிச்சது, "அன்னைக்கு காலைல என்ன சாப்பிட்டீங்க தாத்தா?" நேத்து தேக்கா பக்கம் போனப்ப சின்னதா ரெண்டு பொம்மை விமானம் வாங்கி பைல வெச்சிருக்கான், கை வலிச்சா தாத்தா அத வெச்சு காட்டுவாராம்.